‘ஓம்’ என்பது சம்மதமா?

03.02.2024 – கோண்டாவில் வாசகர் ஒருவரின் கேள்வி

பதினாறு வருடம் கனடாவில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, யாழ்ப்பாண நகரில் எட்டுப் பேர் கொண்ட ஒரு சிறிய அலுவலகத்தைப் பொறுப்பேற்றிருக்கிறேன். எந்த வேலையைச் சொன்னாலும் ‘ஓம்’ என்கிறார்கள். குறித்த திகதியில் போய்ப் பார்த்தால் வேலை தொடங்கப்படவே இல்லை. நான் இந்த ஊரில் பிறந்தவன், ஆனாலும் இந்த ‘ஓம்’ எனக்கு இப்போது விளங்கவில்லை. இது பொய்யா, பயமா, அல்லது எங்கள் பண்பாடே இதுதானா?

04.02.2024

பொய் அன்று. யாழ்ப்பாணத்து ‘ஓம்’ பெரும்பாலும் ‘நீங்கள் சொல்வது காதில் விழுகிறது’ என்பதற்கான ஒலி. என் தாயார் தொலைபேசியில் கதைக்கும்போது, மறுமுனையில் இருப்பவர் மூச்சு விடும் இடமெல்லாம் ‘ஓம், ஓம்’ என்று நிரப்பிக்கொண்டே இருப்பார். தொலைபேசியை வைத்த மறு கணமே ‘உவளுக்கு விசர்’ என்பார். அரை மணி நேரமாக அவர் எதற்கும் சம்மதிக்கவில்லை, கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தார்.

2002 இல் ஏ9 பாதை திறந்த கையோடு இங்கே வந்த ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்த நாளிலிருந்து, வேற்று நாட்டவருக்குக் கீழேயோ அவர்களுக்காகவோதான் வேலை செய்து வருகிறேன். இப்போது நெதர்லாந்து வாடிக்கையாளர் ஒருவருக்குக் கணக்கியல் மென்பொருள் செய்துகொடுக்கும் சிறிய நிறுவனமொன்றில் முகாமையாளராக இருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் கண்டது என்னவென்றால், மேலதிகாரியின் முகத்துக்கு நேரே ‘ஏலாது’ என்று எங்களவர் சொல்வதில்லை, ஆனால் அதைச் சொல்வதற்கு வேறு பல வழிகளை வைத்திருக்கிறார்கள். ‘பார்ப்பம்’ என்றால் நடக்காது. ‘கொஞ்சம் கஷ்டம், பரவாயில்லை’ என்றாலும் நடக்காது, ஆனால் சொல்பவருக்கு உங்கள்மேல் இரக்கம் இருக்கிறது. உடனடியாக ‘ஓம் சேர்’ என்று வந்தால், அவர் இன்னும் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கவில்லை. ‘எப்ப தேவை?’ என்று திருப்பிக் கேட்பவர் மட்டுமே வேலையைச் செய்யப் போகிறவர்.

04.02.2024, இரவு

‘மட்டுமே’ என்று எழுதியது மிகை. எங்கள் அலுவலகத்தில் ‘எப்ப தேவை?’ என்று கேட்டுவிட்டு, அந்தத் திகதியில் ஒழுங்காக லீவு எடுக்கும் ஒருவர் இருக்கிறார்.

06.02.2024

நெதர்லாந்தைச் சேர்ந்த ஹொஃப்ஸ்டீட் என்ற ஆய்வாளரின் அட்டவணையை ஒருவர் எனக்கு அனுப்பி, விடை இதிலேயே இருக்கிறது என்கிறார். எனக்கு அது புதிதன்று. தொண்டு நிறுவனக் காலத்தில் எங்களை ஒரு விடுதியில் இருத்தி, இரண்டு நாள் இதைத்தான் படிப்பித்தார்கள்.

ஹொஃப்ஸ்டீட் செய்தது இதுதான். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவனம் பல நாடுகளிலும் உள்ள தன் ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வினாக்கொத்துகளை ஆராய்ந்து, ஒவ்வொரு நாட்டுக்கும் புள்ளிகள் கொடுத்தார். அதிகாரம் ஏற்றத்தாழ்வாகப் பகிரப்பட்டிருப்பதைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு தூரம் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை அளக்கும் ‘அதிகார இடைவெளி’ அவற்றில் ஒன்று. அதில் ஆஸ்திரியாவுக்கு 11, நெதர்லாந்துக்கு 38, இந்தியாவுக்கு 77, மலேசியாவுக்கு 104. நூற்றுக்கு நூற்று நான்கு எடுத்த பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

அந்த இரண்டு நாளில் நான் பெற்ற பயன் ஒரு சொல். அதுவரை எங்கள் வெளிநாட்டுப் பணிப்பாளரை மரியாதை தெரியாதவர் என்று நினைத்திருந்தேன். சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி அமர்வார், தன் தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கழுவுவார், எங்களையும் கழுவச் சொல்வார். நெதர்லாந்து போன்ற நாட்டின் 38 க்கும் எங்கள் அயலான இந்தியாவின் 77 க்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்ன பிறகு, அவரிடம் குறை காண்பதை நிறுத்தினேன். ஆனாலும் அந்தப் புள்ளிகள் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுக்கப்பட்டவை, அதுவும் அரை நூற்றாண்டுக்கு முந்தியவை. நாட்டின் புள்ளியைத் தனி மனிதர்மேல் ஒட்டக் கூடாது என்று ஹொஃப்ஸ்டீட் தாமே எச்சரித்திருக்கிறார். எனவே கோண்டாவில் நண்பர் தன் எட்டுப் பேரையும் அந்த அட்டவணையில் தேட வேண்டாம்.

11.02.2024

நான் முதலில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. மனம் ஒப்பாமல்தான் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பிள்ளை 4 ஆம் திகதிக் குறிப்பை வாசித்திருக்கிறார். நேற்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடிந்து, நான் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, “சேர், போன வைகாசியிலை நான் ஏலாது எண்டு சொன்னனான்” என்றார்.

எனக்கு நினைவில்லை என்றேன். அவருக்கு நினைவிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஓர் அறிக்கையை முடிக்க முடியுமா என்று நான் கேட்டிருக்கிறேன். ஏலாது, திங்கட்கிழமை தரலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, “பரவாயில்லைப் பிள்ளை” என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறேன். அதன்பின் நெதர்லாந்துக்காரரோடு நடக்கும் கூட்டங்களுக்கு அவரை அழைக்கவும் இல்லையாம். “அதுக்குப் பிறகு ஒருத்தரும் உங்களுக்கு ஏலாது எண்டு சொல்லேல்லை. நீங்கள் அதைப் பண்பாடு எண்டு எழுதியிருக்கிறியள்” என்றார். பெட்டியின் மூடி என் கையிலேயே இருந்தது. தண்ணீர்க் குழாயை நிறுத்த வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை.

ஆகவே கோண்டாவில் நண்பரே, உங்கள் கேள்வியில் இருந்த மூன்றில் ‘பயமா’ என்பதை நான் தாண்டிப் போய்விட்டேன். கடைசியாக உங்களிடம் ‘ஏலாது’ என்று சொன்னவருக்கு அதன்பின் என்ன நடந்தது என்பதை முதலில் பாருங்கள். அப்படி ஒருவரும் சொன்னதில்லை என்றால், உங்களுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவரின் காலத்தில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

12.02.2024

அப்படியென்றால் பண்பாடு என்று ஒன்றுமே இல்லையா என்று கேட்கிறார்கள். இல்லை, பண்பாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. என் தாயாரின் ‘ஓம்’ உண்மைதான், அவருக்குத் தொலைபேசியில் மேலதிகாரி எவரும் இல்லை.

17.03.2024

தமிழருக்கும் தமிழருக்கும் இடையில் இந்தச் சிக்கல் வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சென்னையிலிருந்து வந்த ஒருவரோடு மூன்று மாதம் வேலை செய்து பார்க்கட்டும்.

எங்கள் மென்பொருளைச் சோதித்துத் தருவதற்காக வந்தவர் அவர், மிக நல்ல மனிதர். வந்த முதல் வாரத்தில், இளைஞர் ஒருவரின் மேசைக்குப் போய், “மதியம் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்” என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்குக் கதைப்பது வேறு, பேசுவது வேறு. அப்பா பேசினார் என்றால் அப்பா ஏசினார் என்று பொருள். பேச்சு வாங்குவதற்கு நேரம் குறித்துத் தந்துவிட்டுப் போகும் மனிதரை அந்த இளைஞர் அதுவரை கண்டதில்லை. மதியம் சாப்பிடாமல் காத்திருந்தார். வந்தவரோ அவர் எழுதிய நிரலைப் பாராட்டிவிட்டுப் போனார்.

மறுபக்கம் இன்னும் மோசம். நான் அவரிடம், “ஆறுதலாச் செய்யுங்கோ” என்றேன். அவசரம் இல்லை, நிதானமாகச் செய்யலாம் என்பதுதான் நான் சொன்னது. தன் வேலை எங்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் ஆறுதல் சொல்கிறார்கள் என்று அவர் விளங்கிக்கொண்டு, இரண்டு இரவு தூங்காமல் செய்து முடித்துவிட்டார். உரிமையோடு ஒரு நாள் நான் அவரை ‘நீர்’ என்றது அதைவிடப் பெரிய பிழை. எங்களிடம் ‘நீ’ க்கும் ‘நீங்கள்’ க்கும் நடுவில் ‘நீர்’ என்று ஒரு படி உண்டு. சம வயதினரிடமும், இளையவரிடமும், மனைவியிடமும் நெருக்கமும் மதிப்பும் சேர்ந்து வரும் இடத்தில் அதைப் பயன்படுத்துகிறோம். அவர் காதில் அது அரச சபையில் கைதியைப் பார்த்து மன்னன் கேட்பது போல விழுந்திருக்கிறது. “நான் என்ன தப்பு செய்தேன், சார்?” என்று கேட்டார்.

அன்னிய மொழி என்றால் மனிதர் எச்சரிக்கையாக இருப்பார்கள், ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்பார்கள். நெதர்லாந்துக்காரரோடு இத்தனை வருடத்தில் எனக்கு ஏற்படாத மனக்கசப்பு, ஒரே மொழி என்ற நம்பிக்கையால் மூன்றே மாதத்தில் ஏற்பட்டது.

21.04.2024

வேலையை விட்டு வீட்டுப் பக்கம் கொஞ்சம் போகிறேன், அங்கேயும் இதே ‘ஓம்’, ‘இல்லை’ சிக்கல்தான்.

நெதர்லாந்துக்காரர் இங்கே வந்தபோது, என் மனைவியின் பெரியம்மா வீட்டில் ஒடியல் கூழ் வைத்தார்கள். நண்டு, இறால், மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்ட பெரிய பானை. பனை ஓலையில் மடித்த பிளாவில் அவருக்கு வார்த்தார்கள். பிளாவைக் கீழே வைக்க முடியாது, சரிந்துவிடும். கையில் ஏந்தியே குடித்து முடிக்க வேண்டும். அவர் முடித்து, “போதும், நன்றி” என்றார். பெரியம்மா வார்த்தார். அதையும் முடித்து, “உண்மையாகவே போதும்” என்றார். பெரியம்மா இன்னும் சந்தோஷமாக வார்த்தார். மூன்றாவது பிளாவோடு அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதற்கும் ஒப்பந்தத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி இருந்தது. குடித்து முடிக்கும்வரை வார்ப்பார்கள், கொஞ்சம் மிச்சம் வைத்தால்தான் விடுவார்கள் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது சொல்ல வேண்டிய விடயமாகவே தோன்றவில்லை.

அடுத்த வருடம் நான் அங்கே போனபோது அதற்குப் பழி தீர்ந்தது. மாலையில் அவர் வீட்டில் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஊர் முறைப்படி வேண்டாம் என்றேன், இன்னொரு தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் “சரி” என்று சொல்லி, எனக்கு முன்னால் குடும்பத்தோடு இருந்து சாப்பிட்டார். என் சொல்லை அவர் நம்பியதுதான் நடந்தது. இரவு விடுதி அறையில், மனைவி கட்டித் தந்த பயற்றம் பணியாரத்தில் ஆறு சாப்பிட்டேன்.

12.05.2024

ஒரு சிறு விடயம். தொண்டு நிறுவனப் பணிப்பாளர் ஒரு தடவை என்னை அறைக்குள் கூப்பிட்டு, வாயிற் காவலாளி தன்னை வேவு பார்க்கிறார் என்றார். வெளியே போகும்போதெல்லாம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறாராம். காவலாளி கேட்டது “துலைக்கோ?” என்பது. புறப்படும் ஒருவரிடம் எங்கே என்று கேட்பது சகுனப் பிழை என்பதால், எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள், அதுவும் வணக்கம் சொல்வதைப் போல. “உதிலை போட்டு வாறன்” என்று சொன்னால் போதும். ‘உதிலை’ என்பது எந்த இடம் என்று யாழ்ப்பாணத்தில் எவருக்கும் தெரியாது, எவரும் கேட்பதும் இல்லை. பணிப்பாளர் அதைக் கற்றுக்கொண்டு, கொழும்புக்குப் போகும்போதும் “உதிலை” என்றே சொல்லிவிட்டுப் போனார்.

‘போட்டு வாறன்’ என்பதைச் சிங்களவரும் ‘கிஹின் என்னம்’ என்று அப்படியே சொல்கிறார்கள், போய் வருகிறேன் என்பதுதான் அதன் பொருளும். கொழும்பிலிருந்து வரும் எங்கள் கணக்காய்வாளர் இதைச் சொல்லித் தந்த அன்று இருவரும் நெடுநேரம் சிரித்தோம். அதே வாரத்தில் ஓர் அரச அலுவலகத்திலிருந்து எங்களுக்குச் சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்தது. 1987 இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. நான் பதில் எழுதத் தாமதித்ததற்கு, ‘வடக்கில் உள்ளவர்கள் இப்படித்தான்’ என்று அங்கே சொன்னார்களாம். என் தாமதம் பண்பாட்டால் வந்ததன்று, எழுத்தை வாசிக்கத் தெரியாததால் வந்தது.

07.07.2024

பண்பாட்டை முதலில் எழுதி வைத்துவிட வேண்டும், புதிதாக வரும் முகாமையாளருக்கு அது கைநூல் போல உதவும் என்று கோண்டாவில் நண்பர் எழுதுகிறார். அதை ஒல்லாந்தர் எங்களிடமே செய்து பார்த்திருக்கிறார்கள்.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள், காணி வழக்குகளில் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்று தெரியாமல் இருந்தார்கள். நீண்ட காலம் இங்கே வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி, ஊர் வழக்கங்களைத் திரட்டி 1707 இல் எழுதிக் கொடுத்தார். அதுதான் தேசவழமை. தமிழில் மொழிபெயர்த்துப் முதலியார் பதவியில் இருந்த ஊர்த் தலைவர்கள் பன்னிரண்டு பேருக்குக் காட்டினார்கள், அவர்கள் சரி என்றார்கள். முதுசொம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று எங்கள் சொத்து பிரிந்து நிற்பதும், காணி விற்கப் போனால் பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டியிருப்பதும் இன்றும் அதன் வழியாகத்தான்.

ஒரு வெளியார், கேட்டு, எழுதி, ஊராரிடமே சரிபார்த்ததை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் காணி உள்ள ஆண்கள். அந்த நூலில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சரிபார்க்க எந்த அடிமையையும் கூப்பிடவில்லை. அங்கேயும் ‘ஓம்’ என்று சொன்னவர்கள், அப்படிச் சொல்வது தமக்கு வசதியாக இருந்தவர்களே.

எழுதியது இலேசில் நகராது. என் தமக்கை தனக்குச் சீதனமாக வந்த காணியில் ஒரு துண்டை விற்பதற்கு, இலண்டனில் இருக்கும் அத்தானின் எழுத்து மூலமான சம்மதத்துக்காக மாதக் கணக்கில் காத்திருந்தார். மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. தொலைபேசியில் அத்தான் ‘ஓம் ஓம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடிதம் வரவில்லை.

08.07.2024

இதையெல்லாம் நெதர்லாந்துக்காரரிடம் சொன்னேன். தன் நாட்டவர் இங்கே வேறு என்ன விட்டுச் சென்றார்கள் என்று கேட்டார். கந்தோர், லாச்சி, கக்கூசு என்றேன். மூன்றையும் உடனே அடையாளம் கண்டுகொண்டார். அலுவலகமும், மேசை இழுப்பறையும், கழிவறையும் இருந்தால் நிருவாகம் பூர்த்தி என்று அவரே சொன்னார்.

02.09.2024

தமிழருக்கு நேர உணர்வு இல்லை, அதுதான் அடிப்படைக் கோளாறு என்று எழுதியவர், நேற்று நல்லூரில் நின்றிருக்க வேண்டும். தேர் குறித்த நேரத்தில் அசைந்தது. வருடத்தில் இருபத்தைந்து நாள் திருவிழாவும், மிச்ச நாளின் பூசைகளும் மணி பார்த்து நடக்கும் கோயில் அது. அமைச்சர் வந்தாலும் காத்திருக்காது, அவரும் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எட்டரைக்கு வர வேண்டியவர் ஒன்பது மணிக்கு வருவார். அதே மனிதர் அதிகாலையிலேயே வீதியில் வடம் பிடிக்க நின்றார், நான் கண்ணால் கண்டேன்.

கலியாண வீட்டிலும் அப்படித்தான். அழைப்பிதழில் முகூர்த்தம் நிமிடக் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும், ஐயர் அதைத் தவறவிடமாட்டார், வருபவர்களில் பாதிப் பேர் பந்திக்கு வருவார்கள். ஒரே பண்டபத்தில் இரண்டு நேரம் ஓடுகிறது, எது தனக்குரிய நேரம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். எட்டரைக்கு வராதவரிடம் இன்று கேட்டேன். “எட்டரைக்கு வந்தால் அங்கை என்ன நடக்குது, சேர்? நீங்களே ஒன்பதுக்குத்தானே கணினியைத் திறக்கிறியள்” என்றார்.

02.09.2024, பிற்பகல்

‘மண்டபத்தில்’ என்று வாசிக்கவும். தேருக்குப் போய் வந்த அலுப்பு.

06.10.2024

கோண்டாவில் நண்பர் தன் அலுவலகத்தில் விசாரித்துப் பார்த்திருக்கிறார். முன்பு இருந்தவர், முடியாது என்று சொன்ன ஒருவரைக் கிளிநொச்சிக் கிளைக்கு அனுப்பிவிட்டாராம். எட்டுப் பேரில் ஐந்து பேர் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களுக்கு அது ஆறு வருடமாக மறக்கவில்லை.

என் பக்கத்துச் செய்தி இது. வியாழக்கிழமை நெதர்லாந்துக்காரர் சூமில் இருக்கும்போது, வருட இறுதி அறிக்கையின் வரைவை வெள்ளிக்கிழமை தர முடியுமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். இப்போது அவர் எல்லாக் கூட்டங்களுக்கும் வருகிறார். “வெள்ளிக்கிழமைக்கு ஏலாது, சேர். செவ்வாய்க்கிழமை ஏலும்” என்றார். வாடிக்கையாளருக்கு முன்னால் சொல்லிவிட்டாரே என்று வயிறு ஒரு தடவை எரிந்தது, அதை மறைப்பதற்கில்லை. திரையில் நெதர்லாந்துக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

நான் “ஓம்” என்றேன்.

பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அது கேட்ட ஓமோ, சேர், சம்மதிச்ச ஓமோ?” என்றார்.

செவ்வாய்க்கிழமை என்று நாட்குறிப்பில் எழுதி, அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். இதைப் படித்துவிட்டு எனக்குப் பாராட்டு எழுத நினைப்பவர்கள் பொறுக்கவும். வரைவு வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

09.10.2024

புதன்கிழமை மத்தியானம் வந்தது.